பிறர் பொருளும் நம் பிள்ளைகளும்

மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளை ஒப்பிக்கச் சொன்னால் நம் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பித்து விடுவார்கள். ஏழாவது எது என்று கேட்டால் தயக்கமின்றி விடை வரும். பத்தாவது எது என்றாலும் வரும். அதே பிள்ளை வீடு திரும்பும் வழியில், அடுத்த வீட்டுச் சுற்றுச்சுவரைத் தாண்டித் தொங்கும் செம்பருத்தியைப் பறித்துக்கொண்டு வருவான். எதற்கு என்று கேட்டால், “மாதா படத்துக்கு” என்பான். தாயும் மகிழ்ந்து அதை வாங்கிப் படத்திற்குச் சூட்டி விடுவாள். கட்டளை ஒரு பக்கம், பூ ஒரு பக்கம். இரண்டிற்கும் ஏதேனும் தொடர்பு உண்டு என்று பிள்ளைக்கும் தோன்றவில்லை, தாய்க்கும் தோன்றவில்லை.

முல்லைக் கொடியால் பெயர் பெற்ற ஊர் திருமுல்லைவாயில். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே, இரயில் பாதையை ஒட்டி, இன்று வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் புறநகர் அது. ஒரு வீட்டு முருங்கை மறு வீட்டு மாடிக்குக் கிளை நீட்டும். ஒருவர் தோட்டத்துக் கொய்யா இன்னொருவர் வாசலில் உதிரும். இப்படிப்பட்ட தெருக்களில் வளரும் குழந்தைகளுக்கு எது நம்முடையது, எது பிறருடையது என்னும் எல்லை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. மே மாத மாதா வணக்கமும் அக்டோபர் மாத ஜெபமாலையும் வந்து விட்டால், விடியற்காலையில் பூப் பறிக்கும் சின்னஞ்சிறு கைகள் தெருவில் அதிகமாகும். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தச் செடிக்குக் குடத்தில் நீர் சுமந்து ஊற்றியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டிலும் ஒரு படமோ, ஒரு பூஜையறையோ இருக்கும். காலையில் குளித்துவிட்டுத் தம் வழிபாட்டிற்குப் பூப் பறிக்க வருபவர் வெறுங்காம்பைக் கண்டு திரும்பும்போது அவர் மனம் என்ன பாடுபடும்! அவர் இந்து சமயத்தவராக இருந்துவிட்டால், நம் வேதத்தைப் பற்றி அவர் கொள்ளும் எண்ணம் அந்த வெறுங்காம்பிலிருந்தே தொடங்கும்.

“ஒரு பூவில் என்ன இருக்கிறது?” என்று கேட்போர் உண்டு. விலையில் ஒன்றுமில்லை. ஆனால் சிறு குழந்தை விலையைக் கொண்டு பொருளை அளப்பதில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு பூவும் ஒரு பொன் மோதிரமும் ஒன்றே. கேட்டு எடுப்பதா, கேளாமல் எடுப்பதா என்பது ஒன்றைத்தான் அதனால் கற்றுக்கொள்ள முடியும். அதைப் பூவில் கற்றால்தான் உண்டு.

குழந்தைகளுக்கு இது எந்த வயதில் விளங்கும் என்று பெற்றோர் கேட்பது இயல்பே. இரண்டு வயதில் “எனக்கு”, “என்னுது” என்னும் சொற்கள் வந்து விடுகின்றன. இதைக் கேட்டுப் பல தாய்மார் கவலை கொள்வர்; குழந்தை சுயநலக்காரனாக வளர்ந்துவிடுமோ என்று அஞ்சுவர். அஞ்ச வேண்டுவதில்லை. தன்னுடையது என்பதை அறியாதவன் பிறருடையது என்பதை எவ்வாறு அறிவான்? ஜெர்மனியின் லைப்சிக் நகரில் குழந்தைகளின் மனத்தை ஆராயும் அறிஞர் சிலர் 2011-ஆம் ஆண்டு ஒரு சோதனையை வெளியிட்டனர். பொம்மலாட்டப் பொம்மை ஒன்று குழந்தையின் பொருளை எடுத்துச் செல்ல முயலும். பிறகு அங்கிருக்கும் வேறொருவரின் பொருளை எடுத்துச் செல்ல முயலும். இரண்டு வயதுக் குழந்தைகள் தங்கள் பொருளுக்காக மட்டுமே எதிர்ப்புக் காட்டின. மூன்று வயதுக் குழந்தைகளோ, பிறர் பொருளைப் பொம்மை தொட்டபோதும் அதைத் தடுத்துப் பேசின. ஆக, மூன்று வயதிலேயே அந்த உணர்வு முளை விடுகிறது. நீர் ஊற்றுவதும் ஊற்றாமல் விடுவதும் நம் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிடுதல் தகும். ஏழு வயது நிறையாத குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்பது நம் நாட்டுச் சட்டம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 82-ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 20-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. நம் திருச்சபைச் சட்டமும் ஏழு வயது நிறைந்தவர் பகுத்தறிவைப் பயன்படுத்தும் திறன் பெற்றவர் என்றே கொள்கிறது. திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் வெளியிட்ட ஆணையினால் ஏழு வயதை ஒட்டிய சிறுவர்களுக்கும் புதுநன்மை வழங்கும் வழக்கம் ஏற்பட்டது. அரசும் திருச்சபையும் ஒரே வயதைச் சுட்டுவது வியப்பே. ஏழு வயதிற்கு முன் குற்றமில்லை என்பதற்காக, ஏழு வயதிற்கு முன் கற்பிக்க வேண்டியதில்லை என்று பொருள் கொள்வது தவறு. அந்த ஏழு ஆண்டுகள்தாம் நமக்குக் கிடைத்திருக்கும் காலம்.

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஈரோட்டில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்புப் படித்துக் கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவன், பள்ளியின் அருகே சாலையில் கிடந்த பணக்கட்டு ஒன்றைக் கண்டெடுத்தான். அதில் 50,000 ரூபாய் இருந்தது. எளிய குடும்பத்துப் பிள்ளை அவன். பணத்தை நேரே தன் ஆசிரியையிடம் கொண்டு போய்க் கொடுத்தான். பள்ளியிலிருந்து அது மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடே அவனைப் பாராட்டியது. நடிகர் ரஜினிகாந்த் அவனைச் சென்னைக்கு அழைத்து, அவனுடைய படிப்புச் செலவை ஏற்பதாக உறுதி கூறினார். பின்னர் தமிழ்நாட்டு அரசின் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் அச்செய்தி இடம் பெற்றது.

பலரும் பேசியது ஐம்பதாயிரத்தைப் பற்றி. நமக்கு வியப்பளிப்பது வேறொன்று. கண்டெடுத்ததை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது! பத்து வினாடி கூட ஆலோசிக்கும் வயதில்லை அவனுக்கு. கீழே கிடந்த பென்சில், எவருடையதோ ஒரு தண்ணீர்ப் புட்டி, விளையாட்டுத் திடலில் விடுபட்ட ஒற்றைச் செருப்பு, இவையெல்லாம் ஆசிரியையின் மேசைக்குப் போய்ச் சேரும் வழக்கமுள்ள வகுப்பறையில், பணக்கட்டும் அதே மேசைக்குத்தான் போகும். பிள்ளையின் கால்கள் பழகிய வழியிலேயே நடந்திருக்கும் என்று எண்ணுவதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில் மோசே இதைத்தான் மக்களுக்கு விதிக்கிறார். பிறருடைய காளையோ ஆடோ வழி தவறி வந்தால் காணாதவன் போல் ஒதுங்கக் கூடாது. உரியவனிடம் ஓட்டிக்கொண்டு போய் விட வேண்டும்; அவன் தொலைவில் இருந்தால், தேடி வரும் வரை பாதுகாத்து வைக்க வேண்டும். நம் வீடுகளில் காளை இல்லை. ஆனால் பள்ளிப் பையின் அடியில் யாருடையவோ அழிப்பான்கள் இரண்டு எப்போதும் இருக்கின்றன.

பரிசுகளைப் பற்றியும் ஒரு சொல். ஊர் பாராட்டியது முறையே. ஆயினும் வீட்டில், திருப்பிக் கொடுத்த ஒவ்வொரு பென்சிலுக்கும் ஒரு மிட்டாய் என்று பழக்கினால், மிட்டாய் கிடைக்காத நாளில் பென்சில் திரும்பாது. “உரியவர் கையில் சேர்ந்துவிட்டதா? சரி” என்று தாய் சொல்லும் ஒரு சொல் போதும்.

இந்தப் பயிற்சியைச் சிந்தித்து வகுத்தவர் ஒருவர் நம் சென்னையிலேயே வாழ்ந்தார் என்பது நம் குடும்பங்கள் பலவற்றிற்குத் தெரியாது. கத்தோலிக்கப் பெண்மணியும் மருத்துவருமான மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-ஆம் ஆண்டு நவம்பரில் நெதர்லாந்திலிருந்து சென்னை அடையாற்றுக்கு வந்தார். பிரம்ம ஞான சபையார் அழைத்திருந்தனர். ஆசிரியர்கள் ஏறக்குறைய முந்நூறு பேர் நாடெங்கிலுமிருந்து அவருடைய பயிற்சிக்குத் திரண்டனர். சில மாதங்களில் திரும்பியிருக்க வேண்டியவர், உலகப் போர் மூண்டதனால் 1946 வரை இங்கேயே தங்கினார்; கொடைக்கானலில் மட்டும் இரண்டு ஆண்டுகள். அவருடைய புகழ்பெற்ற நூல்களுள் ஒன்று 1949-இல் அடையாற்றிலேயே முதலில் அச்சாயிற்று.

அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தை உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழை மக்கள் பகுதியில் 1907 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று தொடங்கினார். அங்கு நிகழ்ந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். விளையாட்டுப் பொருள்களையும் பயிற்சிக் கருவிகளையும் ஆசிரியை அலமாரியில் வைத்துப் பூட்டுவது வழக்கம். ஒரு நாள் பூட்ட மறந்து விட்டார். மறுநாள் சற்றுத் தாமதமாகவும் வந்தார். வந்து பார்த்தால் குழந்தைகள் அலமாரியைத் திறந்து ஆளுக்கொரு பொருளை எடுத்துச் சென்று கொண்டிருக்கின்றன! திருட்டுப் புத்தி என்று ஆசிரியை பதறினார். கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்றார். மாண்டிசோரி அம்மையார் வேறு விதமாகக் கண்டார். பொருள்களைக் குழந்தைகள் நன்கு அறிந்து விட்டன, தாமே தேர்ந்தெடுக்க விரும்புகின்றன, அவ்வளவே என்றார். பூட்டிய உயர்ந்த அலமாரி போயிற்று. குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் வந்தன.

அடுத்ததுதான் நமக்கு முக்கியமானது. அந்தத் தட்டுகளில் ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான் வைக்கப்படும். இருபது குழந்தைகளுக்கு இருபது வாங்கித் தர வசதியில்லாமையால் அன்று. ஒரு குழந்தை எடுத்துப் பாயில் வைத்து வேலை செய்யும்போது, அதை விரும்பும் மற்றொரு குழந்தை காத்திருக்க வேண்டும். முதல் குழந்தை முடித்ததும் எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். பிறர் கையிலிருப்பதை மதிக்க வேண்டும் என்று யாரும் போதிக்கவில்லை. பொருள் ஒன்றுதான் இருக்கிறது என்னும் உண்மையே ஒவ்வொரு நாளும் போதித்தது. நம் வீடுகளில் நாம் செய்வதோ நேர்மாறானது. அண்ணனுக்கு ஒரு கார் வாங்கினால் சண்டைக்கு அஞ்சித் தம்பிக்கும் ஒன்று வாங்குகிறோம். சண்டை ஓய்கிறது; காத்திருக்கும் பழக்கமும் அத்துடன் ஓய்ந்து விடுகிறது.

அலமாரியும் பாயும் இல்லாத வீட்டில் என்ன செய்வது? ஓர் அட்டைப் பெட்டி போதும். திருமுல்லைவாயிலில் ஓர் அறையும் சமையற்கட்டுமே உள்ள வாடகை வீட்டிலும், குழந்தைக்கென்று ஒரு பெட்டி கட்டிலடியில் இருக்கலாம். அதன் மேல் பெயர் எழுதியிருக்கட்டும். அதைத் திறக்கும் முன் தாயும் தந்தையும் கூட, “உன் பெட்டியிலிருந்து இந்த வண்ணப் பென்சிலை எடுத்துக் கொள்ளட்டுமா?” என்று கேட்கட்டும். சிரிக்க வேண்டாம். கேளாமல் எடுக்கப்பட்ட அனுபவமே உள்ள குழந்தை, கேட்டு எடுக்கும் அனுபவத்தை எங்கிருந்து பெறும்? உறவினர் வீட்டுக் குழந்தை வந்து, போகும்போது பொம்மைக்காக அழுதால், “கொடுத்து விடுடா, நாளைக்கு வேறு வாங்கித் தருகிறேன்” என்று பிடுங்கிக் கொடுத்து விடுவது நம் வழக்கம். அதைக் கொடை என்று நாம் பெயரிட்டுக் கொள்கிறோம். கொடுத்தவன் குழந்தையல்லன், பறிகொடுத்தவனே குழந்தை. பெரியவர்களாயிருந்தால் பிறருடையதை எடுக்கலாம் என்பதைத்தான் அவன் அன்று கற்றான். விரும்பிக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள்; சில நாள் மறுப்பான், சில நாள் கொடுப்பான். கொடுக்கும் நாளில் அது உண்மையாகவே அவனுடைய கொடையாகும்.

தமிழ்நாட்டுத் தாய்மாரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையோ, இரண்டு வாழைப்பழமோ வைத்துத்தான் அனுப்புவார்கள். உறை மோருக்கும், ஒரு டம்ளர் காப்பித் தூளுக்கும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதும், சம்பள நாளன்று அதே டம்ளரில் தலை நிறையத் திருப்பித் தருவதும் நம் தெருக்களின் இலக்கணம். இந்த வேலைக்கு யாரை அனுப்புகிறோம்? குழந்தையைத்தான். வாங்கி வரும்போது அனுப்புகிறோமே, திருப்பிக் கொடுக்கும்போதும் அதே குழந்தையை அனுப்ப வேண்டும். “அத்தை, அம்மா அன்றைக்கு வாங்கிய காப்பித் தூள்” என்று சொல்லி நீட்டும் பிள்ளைக்கு, கடன் என்பதும் திருப்புதல் என்பதும் கையில் கனமாகத் தெரியும். இன்று வேண்டும் பொருளைக் கைப்பேசியில் சொன்னால் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வந்து விடுகிறது. வசதிதான், ஆனால் டம்ளர் பள்ளிக்கூடம் மூடப்பட்டு வருகிறது.

கைப்பேசி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வீட்டிற்கு வந்த விருந்தினர் மேசை மேல் வைத்த கைப்பேசியைக் குழந்தை எடுத்து விரலால் தள்ளிப் பார்ப்பதை, “எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்” என்று மெச்சுகிறோம். பிறர் கடிதத்தைப் பிரிப்பதும் இதுவும் ஒன்றே. கடிதமாயிருந்தால் கண்டித்திருப்போம்.

இனி, சற்றுக் கசப்பான பகுதிக்கு வருவோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் சென்னை அலுவலகங்களிலும் பணிபுரியும் தந்தையரும் தாய்மாரும் நம் பங்குகளில் ஏராளம். பிள்ளை கணக்குப் போடும் தாள் எங்கிருந்து வருகிறது? வீட்டில் கிடக்கும் பேனா, பசை நாடா, இரண்டு திருகாணி, கொஞ்சம் துடைப்புத் துணி, இவற்றையெல்லாம் கடையில் வாங்கினோமா? “அங்கே வீணாகக் கிடந்தது” என்பார்கள். வீணாகக் கிடந்ததையும் உரியவரைக் கேட்டு எடுத்து வந்தால் குற்றமில்லை. கேளாமல் வந்ததென்றால், பிள்ளை அந்தத் தாளில் எழுதுவது கணக்கு மட்டும் அன்று.

இரயில் நிலையத்திலும் ஒரு பாடம் நடக்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணமில்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டு நிறையும் வரை அரைக் கட்டணம். புறநகர் வண்டியில் திருமுல்லைவாயிலிலிருந்து சென்னைக்கு ஒரு குழந்தையின் அரைச் சீட்டு என்ன பெரிய தொகை? ஆனால், “யாராவது கேட்டால் நாலு வயது என்று சொல்” என்று ஆறு வயதுப் பிள்ளையின் காதில் ஓதி அழைத்துச் செல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். சென்ற மாதந்தான் அந்தப் பிள்ளைக்கு ஆறு மெழுகுதிரி ஏற்றி ஊதியிருப்பார்கள். அரசின் பணம் யாருடைய பணமும் அன்று என்று அந்தப் பிள்ளை அன்று முடிவு செய்கிறான். பின்னாளில் பங்கு மன்றத்து நாற்காலியையும், பீடத்தருகே கிடக்கும் பாட்டுப் புத்தகத்தையும், தெருக் குழாயின் பித்தளைத் திருகையும் அவன் எந்தக் கண்ணால் பார்ப்பான் என்பதைப் பெற்றோரே எண்ணிப் பார்க்கலாம்.

எவ்வளவு கவனமாய் வளர்த்தாலும், ஒரு நாள் பிள்ளையின் பையில் நமக்குரியதல்லாத ஒரு பொருள் இருக்கும். பழ மணம் வீசும் அழிப்பான். தோழியின் கொண்டை ஊசி. இருபது ரூபாய்த் தாள். அப்போது நாம் முதலில் செய்ய வேண்டியது கேட்பது. கேட்பதிலும் பக்குவம் வேண்டும். தோபித்து நூலின் இரண்டாம் அதிகாரத்தில் பார்வை இழந்த தோபித்தின் வீட்டில் ஓர் ஆட்டுக்குட்டி கத்துகிறது. நெசவு வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றிய அவர் மனைவி அன்னாவுக்கு, வேலை கொடுத்தவர்கள் கூலிக்கு மேல் அன்பளிப்பாகக் கொடுத்த குட்டி அது. தோபித்து நம்பவில்லை. திருடியதாக இருக்கும், உரியவரிடம் திருப்பிக் கொடு என்று வற்புறுத்துகிறார். அன்னா சினந்து வெடிக்கிறாள். நேர்மையான மனிதர்தாம், அவர் வீட்டில் திருட்டுப் பொருள் இருக்கக் கூடாது என்று துடித்ததும் நியாயமே. எனினும் கேள்வி கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதி விட்டார். பிள்ளையிடம், “இது எப்படி உன்னிடம் வந்தது?” என்று கேட்பது வேறு, “யாரிடம் திருடினாய்?” என்று கேட்பது வேறு. தோழி உண்மையிலேயே கொடுத்திருக்கலாம். கொடுத்தது உண்மையானால் அவள் தாய்க்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி விசாரித்து வைப்பது நல்லது.

எடுத்தது உறுதியானாலும், “திருடன்” என்னும் சொல் வீட்டில் எழவே கூடாது. ஆறு வயதில் சூட்டிய பெயர் அறுபது வயது வரை ஒட்டிக் கொண்டிருக்கும். இதனினும் கொடியது, எடுத்த கையில் சூடு வைப்பது. கரண்டியைக் காய்ச்சிப் பிஞ்சு விரலில் இழுத்த தழும்புடன் இன்றும் குழந்தைகள் பள்ளிக்கு வருகிறார்கள். நம் குடும்பங்களிலிருந்தும் வருகிறார்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, தம் பொறுப்பிலுள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவது மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டம் ஒருபுறமிருக்கட்டும். சூடு கண்ட குழந்தை அடுத்த முறை எடுக்காமலிருக்கக் கற்பதில்லை, அகப்படாமலிருக்கக் கற்கிறது.

காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் கூறுவதைப் பெற்றோர் ஒவ்வொருவரும் படித்தல் நலம். பதினைந்து வயதில், அண்ணன் பட்ட இருபத்தைந்து ரூபாய்க் கடனை அடைப்பதற்காக, அண்ணனுடைய கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டி எடுத்தார். மனம் உறுத்தியது. நோயுற்றுப் படுத்திருந்த தந்தையிடம் நேரில் சொல்ல நா எழவில்லை; ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தண்டனை தருமாறும், தம் பொருட்டுத் தந்தை தம்மையே வருத்திக்கொள்ளாதிருக்குமாறும் அதில் வேண்டியிருந்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. கண்களை மூடிச் சிறிது நேரம் சிந்தித்தார், தாளைக் கிழித்தார், மீண்டும் படுத்துக் கொண்டார். ஓர் அடி இல்லை, ஒரு சொல் இல்லை. இந்தத் தந்தையைப் போல் அழ எல்லாராலும் இயலாது. அழுவது போல் நடிக்கவும் வேண்டாம். ஆனால் குற்றத்தைச் சொல்லி வரும் பிள்ளைக்கு வீட்டில் ஓர் இடம் இருக்க வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்திற்கு முதன்முறையாகச் செல்லும் குழந்தை, குருவிடம் சொல்லும் முன் தாயிடம் சொல்லிப் பழகியிருந்தால் அந்தக் கூண்டு அதற்கு அச்சம் தராது.

கூட்டாளிகளைப் பற்றியும் கூற வேண்டும். புனித அகுஸ்தீனார் பதினாறு வயதில், தம் ஊராகிய தகாஸ்தேயில் நள்ளிரவில் நண்பர்களோடு சென்று ஒரு பேரி மரத்தை உலுக்கிப் பழங்களை அள்ளிக்கொண்டு போனார். பசியில்லை, வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது. பெரும்பாலானவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். முதிர்ந்த வயதில், ஆயராக இருக்கும்போது, தம் நூலில் பல பக்கங்கள் அந்தப் பேரிப் பழத்திற்காகவே ஒதுக்கினார். தனியாக இருந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன் என்பது அவர் கண்ட முடிவு. மாலை நேரத்தில் நாலு பேர் சேர்ந்து கொய்யா மரத்தடிக்குப் போகும்போது, நம் பிள்ளையும் அந்த நால்வருள் ஒருவன் என்பதைத் தந்தை அறிந்திருப்பது போதும். மற்ற மூவரின் பெற்றோரையும் அறிந்திருந்தால் இன்னும் நல்லது.

மற்றொரு வகைப் பிள்ளையும் உண்டு. அழிப்பானை எடுத்தவனிடம் அழிப்பானே இல்லை. பெற்றோரைக் கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள். வகுப்பில் எல்லாரும் எழுதும்போது அவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இவனுக்கு அறவுரை கூறுமுன் பென்சில் வாங்கித் தர வேண்டும். ஏழைக்குரியதை நாம் வைத்துக்கொண்டிருப்பதும் களவே என்று புனித கிறிசோஸ்தோம் அருளப்பர் போதித்ததைத் திருச்சபை தன் மறைக்கல்வி ஏட்டில் ஏழாம் கட்டளையின் விளக்கத்திலேயே சேர்த்திருக்கிறது. ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகம் வழங்கும் வின்சென்ட் தே பவுல் சபையினர், ஜனவரி மாதத்திலும் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். ஆண்டின் நடுவில் தீர்ந்த பென்சிலை யாரும் நினைப்பதில்லை.

எடுத்த பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. மன்னிப்புக் கேட்டால் போதும், பொருள் நம்மிடமே இருக்கட்டும் என்பது திருச்சபையின் போதனையன்று. சக்கேயு அத்தி மரத்திலிருந்து இறங்கியதும் ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்புவதாகக் கூறியதை நாம் அறிவோம். பிள்ளை நான்கு மடங்கு தர வேண்டாம். அதே அழிப்பானைத் தந்தால் போதும். தேய்ந்து விட்டிருந்தால் அவனுடைய உண்டியல் காசில் புதிது வாங்கித் தரட்டும். தந்தை காசில் வாங்கித் தந்தால் திருப்பித் தந்தவர் தந்தையே. கொடுக்கப் போகும்போது தாயோ தந்தையோ உடன் செல்ல வேண்டும். ஆனால் பேசுபவன் பிள்ளையாக இருக்க வேண்டும். நீண்ட மன்னிப்புரை வேண்டாம். “இது உங்களுடையது. நான் கேட்காமல் எடுத்துவிட்டேன்” என்னும் இரண்டு சொற்றொடரே ஏழு வயது நாவுக்குப் போதுமான சுமை. வகுப்பில் நாற்பது பேர் முன் கொடுக்கச் சொல்வது கொடுமை. ஆசிரியையிடம் தனியே சொல்லி ஏற்பாடு செய்யலாம்.

வாங்கிக் கொள்பவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. வாசலில் வந்து நிற்கும் பிள்ளையையும் தாயையும் கண்டு மனம் இளகி, “அடடா, இதற்காகவா வந்தீர்கள்? ஒரு பூதானே! நீயே வைத்துக்கொள் கண்ணா” என்று சொல்லி விடுகிறோம். அந்தத் தாய் வீட்டில் ஒரு மணி நேரம் பட்ட பாடு அதோடு போயிற்று. பொருளைக் கையில் வாங்க வேண்டும். “நன்றி, கொண்டு வந்து கொடுத்தாயே” என்று சொல்லி உள்ளே வைக்க வேண்டும். ஏதேனும் கொடுக்கத் தோன்றினால் அதை வேறொரு நாளைக்கு வைத்துக் கொள்ளலாம். செம்பருத்தி வீட்டு அம்மையார், “நாளைக் காலையில் வந்து கேள், இரண்டு தருகிறேன்” என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லியனுப்பினால், மறுநாள் ஆறு மணிக்கு அவர் வீட்டுக் கதவு தட்டப்படும்.